சுழல்: முடிவு தெரிந்தபிறகு பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வாங்க

தாமரைக்குளம் | சனி, இரவு 9:40

முன்பே சொல்லிவிடுகிறேன். 'சுழல்' வெப் தொடரின் முதல் சீசன் முடிவு இந்த இழை முழுக்கச் சிதறிக் கிடக்கும். பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

2022 ஜூன் 17 அன்று வந்ததுமே எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, மறுநாள் ஒரு கல்யாணத்தில் மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து தூங்கியவன் நான். வீடியோவில் இன்றும் இருக்கிறது. அதன்பிறகு மறுபடி பார்க்கவில்லை. இந்த வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். "கொலை, போலீசு, அந்த மாதிரி ஏதாச்சும் போடுடா" என்றார். சுழல் போட்டேன். அவருக்கு முதல் முறை, எனக்கு இரண்டாம் முறை. இன்று இரண்டு எபிசோட் ஆயிற்று.

ஆள் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இது வேறு தொடர். குற்றவாளி குணா திரையில் வந்தாலே என் கண் அந்த வேடத்தில் நடித்த இளங்கோ குமரவேலை விட்டு நகரவில்லை. எங்காவது ஒரு இடத்தில் மாட்டுவார், ஒரு பார்வையாவது நழுவும் என்று காத்திருந்தேன். இதுவரை ஒன்றும் இல்லை. பார்த்திபன், ஸ்ரேயா ரெட்டி, கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ் என்று எல்லாரையும் அப்போது பாராட்டினோம். இவரை யாராவது பாராட்டினோமா?

ரயில்பெட்டி | சனி, இரவு 10:05

நான் மூன்றாவது எபிசோடிலேயே கண்டுபிடித்துவிட்டேன். குமரவேல் மாதிரி ஒரு நடிகரைக் கூப்பிட்டு, ஓரமாக நிற்கவைத்து, நாலு வரி வசனம் கொடுத்தால் என்ன அர்த்தம்? மிச்ச வசனம் எட்டாவது எபிசோடில் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 10:11

இது துப்பு இல்லை அண்ணே, கேள்வித்தாள் லீக். கதைக்குள் இருக்கிற தடயத்தை வைத்துக் கண்டுபிடித்திருந்தால் கைதட்டலாம். நீங்கள் சம்பளப் பட்டியலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

ரயில்பெட்டி | சனி, இரவு 10:14

எப்படிக் கண்டுபிடித்தால் என்ன, பாஸ் பாஸ்தான்.

பழைய டிவி | சனி, இரவு 10:52

ரயில்பெட்டி தம்பி சொல்வதைச் சும்மா ஒதுக்க முடியாது. நம் ஊர் ரசிகர் முகத்தை வைத்துத்தான் கதையை ஊகிக்கிறார். அது இயக்குநர்களுக்கும் தெரியும். அதனால்தான் சிமெண்ட் ஆலை முதலாளி திரிலோக் வேடத்துக்கு ஹரீஷ் உத்தமனைப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். எத்தனை படத்தில் வில்லனாகப் பார்த்த முகம்! ஆலை எரிகிறது, வெளியூர் முதலாளி, கோட்டு சூட்டு, கூடவே அந்த முகம். முக்கால்வாசிப் பேர் அங்கேயே கல்லை எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் எறிந்தேன்.

குமரவேல் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 'அபியும் நானும்' படத்தில் (2008) அவர் செய்த ரவி சாஸ்திரியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிச்சைக்காரர் வேடத்துக்கு எத்தனை பேர் கண் கலங்கினோம். அந்த முகத்தின் மேல் நமக்கு ஏற்கெனவே ஒரு பிரியம் இருக்கிறது. அவர் மேடை ஆள். 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் போட்ட 'பொன்னியின் செல்வன்' நாடகத்தை எழுதியவர், பிறகு மணிரத்னத்தின் படத்துக்கும் திரைக்கதையில் உட்கார்ந்தவர். எங்கே நின்றால் பார்வையாளன் கண்ணில் படாமல் இருக்கலாம் என்பது மேடைக்காரருக்குத்தான் தெரியும்.

தாமரைக்குளம் | சனி, இரவு 11:20

பழைய டிவி ஐயா, அம்மாவும் இப்போது ஹரீஷ் உத்தமன் கட்சிதான். "அவன் மூஞ்சியே சரியில்ல" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். குணாவைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், நல்ல மனுசனா இருக்காரு." நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

செஞ்சிக்காரன் | ஞாயிறு, காலை 7:15

நான் நடிகர்களைப் பற்றிப் பேச வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவிழாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்கு மேல்மலையனூர் கைக்கெட்டும் தூரம். மயானக் கொள்ளை என்பது மாசியில், மகா சிவராத்திரிக்கு மறுநாள் வருகிற அமாவாசையில் நடப்பது. தொடரில் காட்டுகிற சாம்பலூர் மலையும் பனியுமாக இருக்கிற ஊர். அங்கே இவ்வளவு பெரிய மயானக் கொள்ளையா என்று முதல் எபிசோடிலேயே எனக்கு இடித்தது. வேஷம், உறுமி, தேர் எல்லாம் அழகாக எடுத்திருக்கிறார்கள். முகேஷ்வரனின் கேமராவைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்கு இருக்கிற நெரிசலும் புழுதியும் வேர்வை நாற்றமும் அதில் இல்லை. கொஞ்சம் குளித்துவிட்டு வந்த திருவிழா.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 8:30

செஞ்சி அண்ணே, மயானக் கொள்ளை உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் எழுதி வைத்ததா? சேலத்தில் எங்கள் தெரு வழியாகவே போகும். சின்ன வயதில் அம்மன் வேஷக்காரரைப் பார்த்து நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததுண்டு.

செஞ்சிக்காரன் | ஞாயிறு, காலை 9:02

சேலத்தில் உண்டு, தருமபுரியிலும் உண்டு, மறுக்கவில்லை. மூலத்தானம் எங்களுடையது என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திருவிழாவின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தத் தொடர் இன்னொரு விதமாகப் புரியும். பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளுகிறார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிச்சை எடுத்து உண்ணப்போனால் போடுகிற சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது. கடைசியில் மலையனூரில் அங்காளம்மன் சோற்றைப் பிசைந்து சுடுகாட்டில் வாரி இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுத் தரையில் இறங்குகிறது. அம்மன் ஆவேசமாகி அதை மிதித்து நசுக்குகிறாள். இன்றைக்கும் சனங்கள் மயானத்தில் கொழுக்கட்டை, காய்கறி, தானியம், சில்லறை எல்லாம் இறைப்பது அதற்குத்தான்.

இப்போது சண்முகம் (பார்த்திபன்) வீட்டை, குணாவும் இருக்கிற அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடவே ஒட்டிக்கொண்டு, போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, பிள்ளைகளையும் தின்றுகொண்டு இருந்தது எது? கடைசியில் யார் அதை முடிக்கிறாள், எந்தத் திருவிழாவில்? முதல் முறை பார்த்தபோது திருவிழா ஏதோ பின்னணிக் கலர் என்று நினைத்தேன். கதையே அதுதான்.

பழைய டிவி | ஞாயிறு, காலை 9:40

செஞ்சிக்காரரே, இதற்கு ஒரு மாலை போடவேண்டும். நான் மூன்று முறை பார்த்தும் இது தோன்றவில்லை.

நூல்கண்டு | ஞாயிறு, காலை 11:30

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் வருகிறேன் (இழை நேற்றுதான் ஆரம்பித்தது என்று கடைசிபெஞ்ச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன், இதே பேச்சு எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஓடுகிறது).

நீங்கள் எல்லாரும் குமரவேலைப் பார்க்கிறீர்கள். நான் ஐஸ்வர்யா ராஜேஷைப் பார்த்தேன். தங்கை நிலாவைக் காணோம் என்று ஊர் திரும்புகிற நந்தினிக்கு அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நிற்கிறாள், கதவுப் பக்கமாகவே நிற்கிறாள், அப்பாவிடம் பேசும்போதுகூட உடம்பு பாதி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முதல் முறை அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுடன் சண்டை, அதனால் வீட்டை விட்டுப் போய்விட்ட பெண் என்று. சண்முகமும் அப்படித்தான் நினைக்கிறார். முடிவு தெரிந்து பார்த்தால் அது கோபமே இல்லை, பயம். 'காக்கா முட்டை'யில் இரண்டு பையன்களின் அம்மாவாக வந்தவர், 'கனா'வில் பந்து வீசியவர். அங்கெல்லாம் உடம்பு மண்ணில் ஊன்றி நிற்கும். இங்கே ஊன்றவே இல்லை. அதை யோசித்துத்தான் செய்திருக்கவேண்டும்.

ஆனால் எனக்கு இந்தத் தொடர் மேல் ஒரு தீராத வருத்தம் உண்டு. குழந்தைக்கு வீட்டுக்குள் நடக்கிற கொடுமையைக் கடைசி ட்விஸ்டாக வைக்கலாமா? எட்டு எபிசோடாக நகம் கடிக்க வைத்துவிட்டு, பரிசுப்பொட்டலம் பிரிக்கிற மாதிரி அதைப் பிரித்துக் காட்டுவது சரியா?

ரயில்பெட்டி | ஞாயிறு, பகல் 12:10

அக்கா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். இதனால்தான் எனக்கு 'வதந்தி' தொடர் பிடித்தது. அதே 2022 டிசம்பர், அதே புஷ்கர்-காயத்ரி தயாரிப்பு. அங்கேயும் ஒரு பெண், ஒரு ஊர், எட்டு எபிசோட். ஆனால் வெலோனியைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சே அங்கே குற்றவாளி மாதிரி. எஸ்.ஜே. சூர்யா அந்த வழக்கில் மூழ்கிப்போவதைப் பார்க்கும்போது, நானும் வதந்தியைக் கேட்டு ரசித்த ஆள்தானே என்று உறுத்தியது. சுழல் பார்த்து எனக்கு உறுத்தவில்லை. அடடா என்றேன், படுத்தேன்.

தாமரைக்குளம் | ஞாயிறு, மதியம் 1:25

இங்கேதான் நான் வேறுபடுகிறேன். நூல்கண்டு அக்கா, உங்கள் கேள்வி நியாயமானது. முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் இப்போது அம்மாவைப் பார்க்கிறேன். அவர் முதலாளியைச் சந்தேகப்படுகிறார், இன்ஸ்பெக்டர் ரெஜினாவைச் சந்தேகப்படுகிறார், சாமியாடுகிற ஆட்களைச் சந்தேகப்படுகிறார். நேற்று ராத்திரி பார்த்திபனைக்கூட. வீட்டுக்குள் இருக்கிற அந்த மனுசனை மட்டும் சந்தேகப்படவில்லை. ஊரும் அப்படித்தான் பார்க்கவில்லை, அப்பாவும் அப்படித்தான் பார்க்கவில்லை. ட்விஸ்ட்டாக வைக்காமல் இரண்டாவது எபிசோடிலேயே சொல்லியிருந்தால் நமக்கு அவன் மேல் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். நாமும் பார்க்காமல் விட்டோம் என்பது தெரிந்திருக்காது.

நூல்கண்டு | ஞாயிறு, மதியம் 2:40

பாதி ஒத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான். அதனால்தான் குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமைக்கு எதிராக 2012இல் வந்த போக்சோ சட்டத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று வைத்தார்கள். வீடு மூடி மறைக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி.

ஒத்துக்கொள்ளாத பாதி இது: நிலா. கதை முழுக்க அவளைத் தேடுகிறோம். ஆனால் அவள் யார், எதற்குச் சிரிப்பாள் என்று தெரிந்துகொள்ள நமக்குக் கிடைத்தது கொஞ்சமே. நிலாவாக வருகிற கோபிகா ரமேஷும், ரெஜினாவின் மகன் அதிசயம் என்ற வேடத்தில் வருகிற எஃப்ஜேவும் சேர்ந்து வருகிற காட்சிகள் இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் துப்பு ஆகாமல் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மதியம் 3:00

நடுவில் ஒரு பதிவு நீக்கப்பட்டது. ஒரு நடிகையின் சொந்த வாழ்க்கை பற்றிய அரட்டைக்கு இது இடமில்லை. நடிப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அப்புறம், யாருக்காவது உண்மையிலேயே ஒரு குழந்தை பற்றிக் கவலை இருந்தால் 1098, இலவச எண், இருபத்து நாலு மணி நேரமும்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, மாலை 4:45

கொஞ்சம் மூச்சு விட ஒரு விஷயம். பார்த்திபன் வாயிலிருந்து எட்டு எபிசோடாக ஒரு சிலேடைகூட வரவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? மனுசன் மேடையில் மைக் பிடித்தால் 'மைக்' என்ற சொல்லையே நாலாக உடைத்து அர்த்தம் சொல்லுவார். 'ஒத்த செருப்பு' படத்தில் ஒற்றை ஆளாக முழுப் படமும் பேசிக்கொண்டே இருந்தவர். இங்கே யூனியன் தலைவர் வேடம், மெகாபோனே கையில் கொடுக்கலாம், ஆனால் அடக்கிப் பேசுகிறார். மகளைத் தேடும்போது அந்த ஆள் வாயடைத்து நிற்கிற இடங்கள்தான் எனக்குப் பிடித்தது.

பழைய டிவி | ஞாயிறு, மாலை 5:30

அதற்கு எதிரே ஸ்ரேயா ரெட்டி. 2006இல் 'திமிரு' ஈஸ்வரி கத்திய கத்தல் தியேட்டரை அதிரவைத்தது. இங்கே இன்ஸ்பெக்டர் ரெஜினா. அதே கரகரப்புக் குரல், ஆனால் இந்த முறை அதிகாரத்துக்கு அடியில் ஒரு அம்மா புதைந்திருக்கிறாள். தன் மகன் வழக்கில் சிக்குகிறான் என்று தெரியவரும்போது போலீஸ் உடுப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே ஆள் சரிகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் தொப்பி, அந்தப் பக்கம் தாய். ஐந்தே நொடியில் மாறுவார். யூனியன் தலைவரும் இன்ஸ்பெக்டரும் ஜென்மப் பகையாளிகள், இருவருக்கும் ஒரே துக்கம். கதையில் எனக்கு மிகவும் கனமாகப் பட்ட இடம் குற்றவாளி யார் என்பது இல்லை, இதுதான்.

செஞ்சிக்காரன் | ஞாயிறு, இரவு 8:10

கதிரை யாரும் பேசவில்லையே? சக்கரை என்று பெயர் வைத்துவிட்டு, பேருக்கேற்ற மாதிரி இனிப்பான ஆளாகவே விட்டுவிட்டார்கள். நல்லவர், நேர்மையானவர், விசாரிப்பவர். 'பரியேறும் பெருமாள்' பார்த்தவர்களுக்கு அது போதாது.

தாமரைக்குளம் | ஞாயிறு, இரவு 8:35

எனக்குப் போதும். எல்லாரும் கொதிக்கிற கதையில் ஒருவன் கொதிக்காமல் இருக்கவேண்டும். இன்னொரு சுவாரசியம்: முதல் நான்கு எபிசோட் பிரம்மா, அடுத்த நான்கு அனுசரண். அனுசரணின் 'கிருமி'யில் (2015) கதிர்தான் நாயகன், போலீசுக்குத் தகவல் சொல்லிப் பிழைக்கிற இளைஞன். ஏழு வருடம் கழித்து அதே இயக்குநரிடம் எஸ்.ஐ. ஆகிவிட்டான். இதைவிடப் பெரிய பதவி உயர்வு தமிழ்நாட்டுக் காவல்துறையில் கிடையாது. பிரம்மா 'குற்றம் கடிதல்' எடுத்தவர். ஒரு டீச்சர் ஒரு பையனை அடித்துவிடுகிற கதை, 2014க்கான தேசிய விருது வாங்கியது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்கள் ஓடுகிற ஓட்டம் அதிலேயே இருந்தது.

பழைய டிவி | ஞாயிறு, இரவு 9:20

எனக்கு ஒரே குறைதான். எட்டையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில், சன் டிவியில் 'மர்மதேசம்' வாரம் ஒரு முறை வந்தது. அதில் வந்த 'விடாது கருப்பு' கதை ஒரு வாரம் முடிந்ததும் அடுத்த வாரம் வரைக்கும் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை எங்கும் ஒரே கேள்வி, குதிரையில் வருவது யார். பாதித் தொடரை எழுதியது இந்திரா சௌந்தர்ராஜன், மீதிப் பாதியை நாங்கள் டீக்கடையில் எழுதினோம். சேத்தனும் தேவதர்ஷினியும் அதில் நடித்தவர்கள், பிறகு நிஜத்திலும் தம்பதி ஆனார்கள். சுழலை ஒரே ராத்திரியில் முடித்தவனுக்குச் சந்தேகப்படவே நேரம் கிடைக்காதே!

ரயில்பெட்டி | ஞாயிறு, இரவு 9:45

வாரம் ஒன்று விட்டிருந்தால் என்னை மாதிரி ஆட்கள் மூன்றாவது வாரமே வெளியே சொல்லிக் கெடுத்திருப்போம் ஐயா. சாம் சி.எஸ். பின்னணி இசையே பாதியைச் சொல்லிவிடுகிறது. யாராவது கதவைத் திறந்தாலே டமால்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 10:15

இரண்டாவது சீசனை யாரும் தொடவில்லை? 2025 பிப்ரவரி 28, காளிப்பட்டினம், அஷ்டகாளி திருவிழா. குலசேகரன்பட்டினம் தசரா பார்த்த எனக்கு அந்தக் கடற்கரையும் காளி வேஷமும் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. வக்கீல் செல்லப்பாவாக லால். பூட்டிய வீட்டுக்குள் அவர் பிணம், எட்டுப் பெண்கள் வேறு வேறு ஸ்டேஷனில் போய் நான்தான் கொன்றேன் என்று சரணடைகிறார்கள். ஆரம்பம் என்றால் இதுதான் ஆரம்பம்!

நூல்கண்டு | திங்கள், காலை 6:50

அந்த ஆரம்பத்துக்கு நானும் எழுந்து உட்கார்ந்தேன். 'பருத்திவீரன்' சரவணனும், '96' கௌரி கிஷனும் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் எட்டுப் பேருக்கும் கதை பிரித்துக் கொடுக்கப்போய் யாருக்கும் வயிறு நிறையவில்லை. எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று. நந்தினி ஜெயிலில் இருக்கிறாள். முதல் சீசன் முடிவில் அவள் குணாவைக் கொன்றபோது நாம் கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு விலை உண்டு, வழக்கு உண்டு, கம்பி உண்டு என்று காட்டினார்கள். நம் படங்களில் பழிவாங்கியதோடு டைட்டில் ஓடிவிடும்.

செஞ்சிக்காரன் | திங்கள், காலை 7:30

அங்காளம்மனை யாரும் கைது செய்யவில்லை அக்கா.

நூல்கண்டு | திங்கள், காலை 7:34

அதனால்தான் அவள் சாமி. நந்தினி மனுஷி.

தாமரைக்குளம் | திங்கள், இரவு 11:58

முடிந்தது. கடைசி மூன்று எபிசோடையும் அம்மா ஒரே மூச்சில் பார்த்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

உண்மை வெளியே வருகிற இடத்தில் நான் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார், அவ்வளவுதான். முடிந்து பெயர்கள் ஓடும்போதும் பேசவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் கதவோரமாக வந்து நின்று, "எனக்கு அவன் மேல முதல்லேர்ந்தே சந்தேகந்தான்" என்றார்.

ரயில்பெட்டி | செவ்வாய், காலை 12:03

அம்மா நம்ம கட்சி. எந்த எபிசோடில் என்று கேளுங்கள்.

தாமரைக்குளம் | செவ்வாய், காலை 12:09

கேட்டேன். "முதல் எபிசோட்" என்கிறார். உங்களை முந்திவிட்டார்.